பஸ்ஸில் பாடுகிறவர்

மடுல்கெல்ல
29.01.2025

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

இந்த மாதமும் நம்மைப் பசியில்லாமல் நடத்திய ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை, ஏனென்றால் நீ போனை எடுப்பதில்லை.

நான் போனில் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்வது ரூமில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கிறது என்று நீ குறைப்பட்டாய். சரி, காகிதத்துக்குச் சத்தம் இல்லை. குடியை விடுவதற்காக அந்த இல்லத்தில் இருந்த காலம் முழுக்க எனக்குப் போன் கிடையாது. உனக்கும் அம்மாவுக்கும் எழுதி எழுதித்தான் என் எழுத்தே நேராக வந்தது. அதனால் எழுதுவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. வாசிப்பதில்தான் உனக்குக் கஷ்டம்.

வழக்கம்போல ஷிஹாப் தம்பியின் பஸ்ஸில் பார்சல் வருகிறது. கூட்ஷெட் பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொள். உள்ளே ரொட்டியும் சீனிச் சம்பலும் கருவாட்டுப் பிரட்டலும் இருக்கின்றன. டப்பாவைக் கழுவி, பதிலை அதற்குள் போட்டு அவரிடமே கொடு. சென்ற முறை டப்பா மட்டும்தான் வந்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அடுக்கில் வைத்தாள்.

தேயிலை பெக்டரியில் அடுப்புக்கு ஈர விறகாக வந்து உயிரை வாங்குகிறது. மேல் லயத்து வீட்டு வாசலில் ஒரு நாயைச் சிறுத்தைப் புலி தூக்கிப் போய்விட்டது. சபையில் பாட்டு நடத்துவது இன்னும் நான்தான். நான் கையில் தட்டும் டேம்பரின் சத்தம் கீழே பஸ் நிற்கும் இடம்வரை கேட்கிறது என்று பாஸ்டர் சொல்கிறார். அது புகழ்ச்சியா, முறைப்பாடா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை கண்டிக்கு வந்திருந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பேராதனை பஸ்ஸில் ஏறி ஒரு பாட்டுப் பாடினேன். வழக்கம்போல, குடியில் கிடந்தவனுக்கு யாராலும் எடுத்துவிட முடியாத ஒரு சந்தோஷம் கிடைத்த கதையை இரண்டு வார்த்தை சொன்னேன். நல்ல கூட்டம். யார் யார் இருந்தார்கள் என்று கவனிக்கவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

பட்டமளிப்பு விழா எப்போது என்று எழுது. அம்மா சேலை எடுக்க வேண்டுமாம்.

உன் அப்பா,
மருதமுத்து


பேராதனை
03.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்ணாடி உங்கள் முகத்தில்தான் இருந்தது. இடது பக்கம் காதில் நூல் கட்டியிருந்தது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பார்த்ததையும் பார்த்தீர்கள். நடக்காத மாதிரி எழுதிவிட்டால் நடக்காமல் போய்விடும் என்று நினைத்தீர்கள். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். இரண்டு நாள் முயன்றேன், முடியவில்லை.

நான் கோசலாவோடும் சப்னாவோடும் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரும் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் தற்காலிக உதவியாளர்களாக இருக்கிறோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கோசலா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னோடு ஒரே அறையில் இருக்கிறவள். நீங்கள் பாடிக்கொண்டு வந்தபோது அவள் என் பக்கம் சாய்ந்து, “நல்லாப் பாடுறார் என்ன? உங்கட பக்கத்து ஆள் போலக் கிடக்கு. உனக்கு ஆளைத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

நான் “தெரியாது” என்றேன்.

பஸ்ஸில் பாடுகிற எல்லோரையும் போல நீங்களும் காசுக்குத்தான் பாடுகிறீர்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டு பேரும் சில்லறை எடுத்தார்கள். நான் மட்டும் எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் நானும் எடுத்தேன். பத்து ரூபாய் நாணயக் குத்தியை உங்கள் கையில் நான்தான் வைத்தேன் அப்பா. என் விரல் உங்கள் உள்ளங்கையில் படாமல் வைத்தேன். நீங்கள் “கர்த்தர் ஆசீர்வதிப்பார் மகள்” என்றீர்கள். சப்னாவுக்கும் அதையேதான் சொன்னீர்கள். கெட்டம்பேயில் இறங்கிப் போய்விட்டீர்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் என்னால் மட்டும் வந்த வெட்கம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் குடித்த காலத்தில் எனக்கு மறைக்கத் தெரிந்திருந்தது. லயத்துக் கதவைச் சாத்தினால் பாதி மறைந்துவிடும். மீதிக்குக் காய்ச்சல் என்றோ, வேலை என்றோ ஏதாவது சொல்லலாம். இப்போது உங்கள் சந்தோஷத்தை நான் எந்தக் கதவைச் சாத்தி மறைப்பது? அது டேம்பரினோடு பஸ்ஸில் ஏறி வருகிறது. நீங்கள் திருந்தியது எனக்கு நிம்மதி, சத்தியமாக நிம்மதி. அதை ஏன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தக் கதையில் பசியோடு பள்ளிக்கூடம் போன பிள்ளை நான்தானே.

தயவுசெய்து பேராதனை பஸ்ஸில் மட்டும் ஏறாதீர்கள்.

விழா மே மாதக் கடைசியில். ஒருவருக்கு இரண்டு பேரைத்தான் கூட்டிப்போகலாம். அம்மாவையும் மாமாவையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாமாதான் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்தவர். உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

சம்பல் நன்றாக இருந்தது.

மகள்,
சுகிர்தா


மடுல்கெல்ல
10.02.2025

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன் கடிதத்தை அம்மா கேட்டாள். பாதியை வாசித்துக் காட்டி, மீதியை இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள். என் பெண்சாதிக்கு என் மேல் இவ்வளவு நம்பிக்கை வந்ததே ஒரு பெரிய அதிசயம்.

நீ ஒன்றுக்கும் மனம் வருந்தாதே பாப்பா. கெட்டம்பேயில் இறங்கும்போதே நான் மன்னித்துவிட்டேன். படித்த பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாய், அழுக்குச் சட்டையோடு ஒருவன் வந்து ஆடினால் யார்தான் எங்கப்பா என்று சொல்வார்கள்? நானாக இருந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேன். அந்தப் பத்து ரூபாயைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஆக, உனக்கும் ஒரு புண்ணியம்.

பேராதனை பஸ்ஸில் இனி ஏறமாட்டேன். கலகெதர பஸ்ஸும் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸும் இருக்கின்றன. அங்கேயும் பாவிகள் போகிறார்கள்.

மாமா வரட்டும். அவரிடம் கோட்டு இருக்கிறது. போட்டோவில் நன்றாக விழுவார். கோட்டுக்குள் என்னைப் போட்டால் கோட்டுதான் தெரியும். நான் இங்கேயே இருந்து ஜெபம் பண்ணுகிறேன்.

சந்தோஷமாக இரு. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

உன் அப்பா,
மருதமுத்து


பேராதனை
08.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்து மனம் லேசாகிப் போயிருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய பார்சல்களில் ஒரு வரிகூட இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று அம்மா போன் பண்ணினா. அழுதுகொண்டே பேசினா. “மூணு மாசமா ஒங்கப்பா திருவிருந்து எடுக்கல புள்ள. தட்டு வரும்போது தலையக் குனிஞ்சுக்கிறாரு. கேட்டா பேசமாட்டேங்கிறாரு. லயத்துல எல்லாரும் மருதமுத்து பழையபடி ஆரம்பிச்சுட்டான்னு சொல்றாங்க” என்றா. பாஸ்டர் உங்களைக் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கச் சொல்லி, டேம்பரினை செசிலியா அக்காவிடம் கொடுத்துவிட்டாராமே. மாமா ஒருநாள் உங்களைத் சாராயத் தவறணைப் பக்கம் கண்டதாகவும் சொல்கிறார்.

அதனால் நேராகவே கேட்கிறேன். மறுபடியும் குடிக்கிறீர்களா?

உண்மையைச் சொன்னால் நான் கோபிக்க மாட்டேன். எனக்கு அது புதிதும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இது இரண்டாம் தடவை, அவ தாங்கமாட்டா. சபைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவ பகலில் தலைவாரிப் பூ வைக்கத் தொடங்கினா. அதை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது, நான் கவனித்தேன்.

எடுத்துவிட முடியாத சந்தோஷம் என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் சொன்னீர்கள். நான் நம்பவில்லை. உள்ளுக்குள்ளே சிரித்துக்கொள்வேன், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்பேன். இப்போது நான் நினைத்ததுதான் நடந்திருக்கிறது என்றால் எனக்கு மகிழ்ச்சி வர வேண்டும். வரவில்லை. நான் சொன்னது பிழையாகப் போக வேண்டும் என்று எனக்கு இவ்வளவு ஆசை இருந்தது எனக்கே தெரியாது.

புதுவருடத்துக்கு வரமாட்டேன். வந்து உங்களை அந்தக் கோலத்தில் பார்க்க என்னால் முடியாது.

சுகிர்தா


மடுல்கெல்ல
15.04.2025

சுகிர்தாவுக்கு,

நான் குடிக்கவில்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். என் பிள்ளைக்கு இந்த ஒரு வரியை எழுதும்படி ஆகிவிட்டதே என்று கொஞ்ச நேரம் ஆத்திரமாக இருந்தது. பிறகு, இந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு நான் எத்தனை வருஷம் காரணம் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

நீ சபைக்கு இரண்டு தடவைதான் வந்திருக்கிறாய், அதனால் வழக்கத்தைச் சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. பாண் துண்டுகள் இருக்கும் தட்டு வரிசையாக வரும், பின்னால் திராட்சை ரசம். அதற்கு முன்னால் பாஸ்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: “யார் மேலயாவது மனத்தாங்கல் இருந்தா இன்னைக்கு எடுக்காதீங்க. போய்ச் சரிபண்ணிக்கிட்டு வந்து எடுங்க.” எல்லோரும் எடுப்பார்கள். தண்ணீர் பைப்படியில் முடியைப் பிடித்துச் சண்டை போட்ட பெண்கள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எடுப்பார்கள். நானும் எடுப்பேன். எப்போதாவது ஒருவர் எடுக்காமல் விட்டால், பாவம், இவர் இன்னும் வளரவில்லை என்று மனதுக்குள் இரக்கப்பட்டுக்கொள்வேன்.

பிப்ரவரியில் தட்டு என் முன்னால் வந்தபோது என் கை போகவில்லை.

உனக்கு மன்னித்துவிட்டேன் என்று எழுதியது அதற்குப் பிறகுதான். எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதினேன். பாப்பா, நான் மன்னிக்கவில்லை. அந்தத் “தெரியாது” எனக்குக் கேட்டது. நான் இரண்டு கதிரை தள்ளித்தான் நின்றேன். நீ என் கையில் குத்தியை வைத்தபோது அதைத் திருப்பி உன் முகத்தில் எறிய வேண்டும் என்று வந்தது. வாய் ஆசீர்வாதம் சொன்னது, கை எறியப் பார்த்தது. பெட்டியில் போட்டதும் பக்தியால் இல்லை. சட்டைப்பையில் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மார்ச்சிலும் முயன்றேன். ஏப்ரலிலும் முயன்றேன். பெரிய வெள்ளிக்கிழமை வருகிறது, அன்றும் எடுக்கமாட்டேன் என்று இப்போதே தெரிகிறது. பொய்யாக எடுக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் குடித்த காலத்தில் நான் சொல்லாத பொய் கிடையாது. அந்த ஒரு இடத்திலாவது சொல்லாமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஏன் எடுக்கவில்லை என்று சொன்னால் உன் பெயர் வரும். பொழுதுசாயும் முன்னே பைப்படிக்குப் போய்விடும். அம்மாவிடமும் சொல்லவில்லை, அவள் முகத்தில் எதையும் ஒளிக்கத் தெரியாதவள். குடிக்கிறான் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

மாமா கண்டது உண்மை. ஒருநாள் தவறணை வாசல்வரை போனேன். எல்லோரும் சொல்வதைச் செய்துவிட்டால் நிம்மதியாகிவிடும் என்று தோன்றியது. உள்ளே போகவில்லை. அதைக்கூட நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, திரும்பிவிட்டேன்.

சந்தோஷம் போய்விட்டதா என்று நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். போகவில்லை. தாயும் தகப்பனும் பேசிக்கொள்ளாத வீட்டில் பிள்ளை இருக்கிற மாதிரி, ஒரு மூலையில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உலகத்துக்கெல்லாம் மன்னிப்பைப் பற்றிப் பாடித் திரிந்தவனுக்குத் தன் பிள்ளையின் ஒரு வார்த்தையை விழுங்க முடியவில்லை.

அப்பா


பேராதனை
24.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே சந்தேகப்பட்டது என்றால் அவர்களுக்குத் தெரியாது. எனக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். நானே காரணம். ஆனாலும் எனக்கு முதலில் தோன்றியது சாராயம்தான்.

நீங்கள் மன்னித்துவிட்டேன் என்று எழுதிய கடிதத்தை நான் எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டேன் தெரியுமா? கழுவிய டப்பாவை மூடி வைக்கிற மாதிரி மூடி வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் என்னைத் திட்டுகிறது, ஆனால் இதில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். இதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

மே முதல் ஞாயிறு சபைக்கு வருகிறேன். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். உங்கள் டேம்பரினை அவர்கள் உங்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். லயம் முழுக்க என்னைப் பற்றிப் பேசட்டும். நான் கடவுளைப் பற்றி உங்களைப் போலப் பேச மாட்டேன், எனக்கு இன்னும் அவ்வளவு தெரியாது. நடந்ததை மட்டும் சொல்வேன்.

விழாவுக்கு மாமாவின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுகிர்தா


மடுல்கெல்ல
29.04.2025

பாப்பா,

ஷிஹாப் தம்பி பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. அம்மா கோழி அடிக்கப் போகிறாளாம். ஆனால் சாட்சி சொல்ல வேண்டாம். குடிகாரன் என்ற பெயர் எனக்குப் பழைய சட்டை, போட்டுப் பழக்கம். நீ சொல்லப் போகிற பெயர் உனக்குப் பழக்கம் இல்லை. இந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளை நீ. பெற்ற தகப்பனைத் தெரியாது என்றவள் என்று உன்னைக் காட்டி யாரும் பேசக் கூடாது. எனக்காக இதை மட்டும் கேள்.

அப்பா


பேராதனை
06.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏன் அப்படிச் செய்தீர்கள்?

நீங்கள் வேண்டாம் என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் எழுந்து நின்றேன். “எங்கப்பா குடிக்கல. அவரு திருவிருந்து எடுக்காததுக்குக் காரணம் நான்தான். ஜனவரி மாசம் பஸ்ஸுல எங்கப்பாவ நான்” என்ற இடம்வரை வந்துவிட்டேன். அதற்குள் பின் வரிசை வாங்கிலிருந்து நீங்கள் பாடத் தொடங்கினீர்கள். சாட்சி நேரத்தில் யாராவது பாடுவார்களா? அதுவும் அவ்வளவு உச்சத்தில். செசிலியா அக்கா ஒன்றும் விளங்காமல் உங்களையும் என்னையும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் டேம்பரினை அடித்தா. எல்லோரும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். நான் சொன்ன மிச்சம் எனக்கே கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கைப் பிடித்து, “மகளோட கண்ணீரால நம்ம சகோதரன் குடியிலேருந்து ரெண்டாந்தரம் மீண்டு வந்திருக்காரு” என்றார். நீங்கள் எல்லோருக்கும் கேட்க “ஆமென்” என்றீர்கள். பொய் சொல்ல மாட்டேன் என்று எனக்கு எழுதியவர் நீங்கள்.

பிறகு தட்டு வந்தது. நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுக்குப் போயிற்று. பாண் துண்டை எடுத்து, சிறு பிள்ளையைப் போல வாயில் போட்டுக்கொண்டு அழுதீர்கள். அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. பஸ்ஸில் நீங்கள் காட்டுகிற முகம் அல்ல அது. அதைத்தான் சந்தோஷம் என்கிறீர்கள் என்றால், எனக்கும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் தேநீர் ஊற்றும்போது கோசலாவிடம் சொல்லிவிட்டேன். சபையில் சொல்ல விடாதபோதுதான் எனக்கு உறைத்தது, நான் அங்கே மறுக்கவில்லையே. இவளிடம்தானே மறுத்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நான் உன்ரை அப்பாவுக்கே சில்லறை குடுத்தனான்? நீ பாத்துக்கொண்டு இருந்தனி?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் தேநீரைக் குடிக்காமல் வெளியே ஊற்றினாள். பிறகு, “விழாவுக்கு வாறாரோ? நான் அவரோட கதைக்க வேணும்” என்றாள். இன்றைக்கு என்னோடு முன்போலப் பேசுகிறாள் என்று சொல்ல முடியாது. பரவாயில்லை.

முன்பெல்லாம் நான் உங்களால் வெட்கப்பட்டேன் அப்பா. இப்போது என்னால் வெட்கப்படுகிறேன். இது கூடுதலாக வலிக்கிறது, ஆனால் இதோடு நிமிர்ந்து நடக்க முடிகிறது.

எனக்குப் பதில் சொல்லுங்கள். ஏன் பாடினீர்கள்?

உங்கள் மகள்,
சுகிர்தா


மடுல்கெல்ல
10.05.2025

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

உன்னை எனக்குத் தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்லி எழுதுகிறேன்.

அந்த ஆமென் பொய்தான். பாஸ்டரைத் தனியாகக் கண்டு, நான் குடிக்கவில்லை, ஒரு மனத்தாங்கல் இருந்தது, தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். யாரோடு என்று அவர் கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். பாதி நம்பினார். டேம்பரின் செசிலியாவிடமே இருக்கட்டும், தாளம் என்னைவிட நன்றாக விழுகிறது.

ஏன் பாடினேன் என்று கேட்கிறாய். உன்னைக் காப்பாற்ற என்று சொன்னால் அழகாக இருக்கும். அது பாதிதான். நீ சொல்லி முடித்திருந்தால் எனக்கு நியாயம் கிடைத்திருக்கும். மூன்று மாதமாக உள்ளுக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். ஆனால் நீ எழுந்து “எங்கப்பா” என்று தொடங்கினாய் பார், அந்தக் குரலை நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டது மறந்தே போயிருந்தது.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. நான் குடித்துவிட்டு வந்தேன். பெரியவர்களுக்குப் போட்ட முன் கதிரையில் உட்கார்ந்தேன். உன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து கத்தினேன், கதிரையோடு விழுந்தேன், வாந்தியும் எடுத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாத்தியார் மைக்கிலேயே, “யாரோட அப்பா இது? யாராவது கூட்டிட்டுப் போங்க” என்றார். யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நீ பேசாமல் இருந்திருந்தால் வாட்சர் வந்து என்னை வெளியே இழுத்துப் போட்டிருப்பான். நீ பரிசுப் புத்தகத்தோடு மேடையிலிருந்து இறங்கி வந்து, “எங்கப்பா, சேர்” என்றாய். சின்னக் குரல், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நாற்றம் அடித்த கையைப் பிடித்துப் பள்ளிக்கூடக் கேட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாய். என் ஒரு செருப்பு உள்ளே கிடந்தது என்று திரும்பிப் போய் அதையும் எடுத்து வந்தாய்.

சாக்கடைக் கானில் விழுந்ததைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் காதுத் தோட்டை விற்றதைச் சொல்லியிருக்கிறேன். இதை எந்தச் சபையிலும் எந்தப் பஸ்ஸிலும் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்தபோது இதுதான் என் முன்னால் வந்து நின்றது. அதற்குமேல் ஒரு வார்த்தை உன்னைப் பேச விட எனக்கு மனம் வரவில்லை. வாயில் வந்தது பாட்டு, பாடிவிட்டேன். தட்டு வந்தபோது யாரை மன்னிக்க வேண்டும் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

விழாவுக்கு வருகிறேன். வெள்ளைச் சட்டையை அம்மா துவைத்துப் போட்டிருக்கிறாள். அந்தக் கோசலாப் பிள்ளையிடம் சொல், நான் எதையும் மனதில் வைத்திருக்கவில்லை என்று.

குடித்துக் கிடந்தவனை ஊர் முன்னால் அப்பா என்று சொன்னவள் நீ. திருந்தினவனை ஒருநாள் தெரியாது என்றாய். நான் இரண்டாவதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலாவதைத் தொலைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது பாப்பா. சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்குள் இருக்கும் என்று நான் எந்தப் பஸ்ஸிலும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே தெரிந்திருக்கவில்லை.

உன் அப்பா,
மருதமுத்து